அவர் ஏன் ஓடவில்லை? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரோல் முறை, அதாவது தண்டனைக்காலம் முடியுமுன்பே கைதியைக் கண்காணிப்போடு வெளியே விடும் முறை, பற்றிய தங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் ஜேசி டுகார்ட் வழக்கைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 11 வயதில் கடத்தப்பட்டு 18 ஆண்டுகள் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் அடைத்து வைக்கப்பட்டவர் அவர். அதன்பின் அந்த வழக்கைத் தேடிப் படித்தேன். பிற்காலத்தில் அவர் கடத்தியவனுடைய அச்சுத் தொழிலில் வேலை பார்த்திருக்கிறார், வாடிக்கையாளர்களிடம் பேசியிருக்கிறார். மீட்கப்பட்ட அன்று அதிகாரிகள் விசாரித்தபோதுகூடத் தன் பெயரை மறைத்து, அவனை நல்லவன் என்றே சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அவங்க ஏம்ப்பா ஓடிப்போகல?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். அடைத்து வைத்தவன் மீதே பரிவு கொண்டுவிடுவதை ஸ்டாக்ஹோம் நோய்க்குறி என்கிறார்களே, அது இதுதானா? அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

தங்கள் மகள் கேட்டதில் தவறொன்றும் இல்லை. இந்த வழக்கை முதன்முறை படிக்கும் எவருக்கும் எழும் கேள்விதான் அது. ஆனால் வழக்கின் விவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை ஜேசியிடம் கேட்பது எவ்வளவு பெரிய அநீதி என்பது தெரியவரும்.

1991 ஜூன் 10 அன்று காலை, கலிபோர்னியாவின் லேக் டஹோ ஏரிக்குத் தெற்கே, பள்ளிப் பேருந்துக்காக நடந்துபோன அந்தச் சிறுமியை பிலிப் காரிடோவும் அவன் மனைவி நான்சியும் மின்னதிர்ச்சிக் கருவியால் செயலிழக்கச் செய்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து அதைப் பார்த்துவிட்ட வளர்ப்புத் தந்தை சைக்கிளில் துரத்தியும் காரை எட்டிப்பிடிக்க முடியவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் ஊரின் சந்தேகத்தையும் அவரே சுமக்க வேண்டியிருந்தது. வெகுதூரம் தள்ளி, ஆன்டியோக் நகரில், காரிடோவின் வீட்டுக்குப் பின்னால் வேலியால் மறைக்கப்பட்ட ஒரு கொட்டகையில் ஜேசி அடைக்கப்பட்டார். தொடக்கத்தில் கையில் விலங்கு. கதவுக்கு வெளியே பூட்டு. தப்ப முயன்றால் வெளியே காவலிருக்கும் நாய்கள் கடித்துக் குதறிவிடும் என்ற மிரட்டல். பாலியல் வன்கொடுமை தொடர்ந்தது. 14 வயதில் ஒரு மகளையும் 17 வயதில் இன்னொரு மகளையும், மருத்துவர் எவரும் இல்லாமல், அந்தக் கொல்லைப்புறத்திலேயே அவர் பெற்றெடுத்தார். தன் பெயரைச் சொல்லவும் அவருக்கு அனுமதி இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கே அக்காவாக நடிக்கும்படி பின்னர் பணிக்கப்பட்டார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு பெண்ணுக்கு, வெளியுலகம் எப்படிப்பட்டது என்ற அறிவு முழுவதும் கடத்தியவன் வாய்வழியாகவே வந்து சேர்ந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். 1993இல் பரோல் விதியை மீறியதற்காக காரிடோ சில வாரங்கள் சிறைக்குப் போனான். அப்போதும் பூட்டு திறக்கப்படவில்லை, நான்சி காவலிருந்தாள். அச்சுத் தொழிலில் ஜேசி வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் கைவிலங்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குள் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். தான் ஒருத்தி மட்டும் ஓடலாமா, பிள்ளைகளோடு எங்கே போவது, போனால் யார் நம்புவார்கள் என்பதெல்லாம் அந்தக் கொல்லைக்கு வெளியே ஒருநாள்கூடத் தனியாக வாழ்ந்திராத ஒரு தாயின் முன் நின்ற கேள்விகள். அந்த நிலையிலும் அவர் தமக்குத் தெரிந்த பாடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், செடிகள் வளர்த்தார், நாட்குறிப்பு எழுதினார். பணிந்துபோனதும் அவர் உயிர்பிழைத்த வழிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். எதிர்த்திருந்தால் அவரும் பிள்ளைகளும் உயிரோடு இருந்திருப்பார்களா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இனி, அந்த வீட்டுக்கு வந்து போகும் சுதந்திரமும் அதிகாரமும் இருந்தவர்களைப் பார்ப்போம். கட்டுரையில் இடமில்லாமல் விட்ட பகுதி இது. காரிடோ புதிய குற்றவாளி அல்ல. 1976இல் இதே டஹோ பகுதியிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்தி, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேமிப்பறையில் அடைத்து வன்கொடுமை செய்தவன். அன்று இரவு ரோந்து வந்த ஒரு காவலர், வெளியே நின்ற காரையும் உடைந்திருந்த பூட்டையும் கவனித்துக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்த பெண் அவரை நோக்கி ஓடிவந்து உயிர் தப்பினார். அந்த வழக்கில் 50 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற காரிடோ, 1988இல், சுமார் 11 ஆண்டுகளிலேயே பரோலில் வெளியே விடப்பட்டான்.

ஆகவே ஜேசி அடைபட்டிருந்த காலம் முழுவதும் அவன் அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருந்தவன். பரோல் அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார்கள். பின்னாளில் அவன் கணுக்காலில் ஜிபிஎஸ் கருவியும் மாட்டப்பட்டது. 2006இல் அக்கம்பக்கத்தவர் ஒருவர், பின்புறத்தில் கூடாரங்களில் ஆட்களும் குழந்தைகளும் இருப்பதாகக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். வந்த காவலர் வீட்டின் முன்பக்கத்திலேயே காரிடோவிடம் பேசிவிட்டுத் திரும்பினார்; அவன் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலில் உள்ளவன் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. 2008இல் ஒரு பரோல் அதிகாரி அங்கே 12 வயதுள்ள ஒரு சிறுமியை நேரிலேயே பார்த்தார். தன் சகோதரனின் மகள் என்று காரிடோ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார், சரிபார்க்கவில்லை. வீட்டிலிருந்து கொல்லையை நோக்கிப் போன மின்கம்பிகள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததையும் எவரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்று கலிபோர்னியா மாநிலத் தலைமை ஆய்வாளரின் 2009ஆம் ஆண்டு அறிக்கை கடுமையாகச் சொல்கிறது. இவற்றைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபம் இன்றும் தணியவில்லை. விலங்கிடப்பட்ட சிறுமி ஏன் வேலியைத் தாண்டவில்லை என்று கேட்கும் நாம், கையில் சட்டமும் வாகனமும் இருந்தவர்கள் ஏன் அந்த வேலிவரை நடக்கவில்லை என்று கேட்பதில்லை.

மீட்பு நிகழ்ந்த விதமும் இதையேதான் காட்டுகிறது. 2009 ஆகஸ்டில் காரிடோ, தன் மத நிகழ்ச்சி ஒன்றுக்கு அனுமதி கேட்டு, ஜேசி பெற்ற இரண்டு சிறுமிகளோடு பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனான். நிகழ்ச்சிகளுக்கான பொறுப்பாளர் லிசா கேம்ப்பெல்லுக்கு அவன் பேச்சும் அந்தப் பிள்ளைகளின் ஒடுங்கிய தோற்றமும் உறுத்தின. வளாகக் காவலர் ஆலி ஜேக்கப்ஸிடம் சொன்னார். ஜேக்கப்ஸ் அவனுடைய பழைய குற்றப்பதிவைத் தேடியெடுத்து, அவனது பரோல் அலுவலகத்தைத் தொடர்புகொண்டார். அவனுக்கு மகள்களே கிடையாதே என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆகஸ்ட் 26 அன்று கான்கார்ட் நகரிலிருந்த பரோல் அலுவலகத்துக்கு அவன் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்தான். 18 ஆண்டுகளாக எத்தனையோ பேர் பார்த்தும் பார்க்காமல் போனதை, இந்த இருவரும் இரண்டே நாளில் பார்த்தார்கள்.

அந்த அலுவலகத்தில் ஜேசி தன்னை அலிசா என்று சொல்லிக்கொண்டதையும், காரிடோ திருந்திவிட்டான் என்று வாதிட்டதையும், கொடுமைக்காரக் கணவனுக்குப் பயந்து மின்னசோட்டாவிலிருந்து ஓடிவந்ததாகக் கதை சொன்னதையும் தாங்கள் படித்திருப்பீர்கள். மேசைக்கு மறுபக்கம் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். எத்தனையோ முறை அந்த வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் அவன் சொன்னதை நம்பித் திரும்பிப்போன அதே துறையைச் சேர்ந்தவர்கள். இம்முறையும் அவர்கள் அவனையே நம்பிவிட்டால், பிள்ளைகளோடு அவர் திரும்பப் போக வேண்டிய இடம் அந்தக் கொல்லைப்புறம்தான். கடைசியில் காரிடோவே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும், தன் பெயரை வாயால் சொல்ல வராமல், ஒரு தாளில் எழுதிக் காட்டினார் ஜேசி.

ஸ்டாக்ஹோம் நோய்க்குறி என்ற பெயர் 1973இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் நடந்த ஒரு வங்கிக் கொள்ளையிலிருந்து வந்தது. ஆறு நாட்கள் பணயமாக வைக்கப்பட்டவர்களில் ஒரு பெண், கொள்ளையனைவிடக் காவல்துறையின் நடவடிக்கைகளே தங்களைக் கொன்றுவிடும் என்று அஞ்சி வெளிப்படையாகவே விமரிசித்தார். காவல்துறைக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் இதற்கு ஒரு நோயின் சாயலைக் கொடுத்தார். உளநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது இன்றுவரை தனியொரு நோயாக இடம்பெறவில்லை. தமக்கு அந்த முத்திரையைக் குத்துவது இழிவுபடுத்துவதாகும் என்றும், பிழைத்திருப்பதற்காகச் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டதாகவும் ஜேசியே சொல்லியிருக்கிறார். நான் அவர் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன்.

2010இல் கலிபோர்னியா அரசு அவருக்கும் மகள்களுக்கும் 2 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. 2011இல் காரிடோவுக்கு 431 ஆண்டுகளும் நான்சிக்கு 36 ஆண்டுகளும் குறைந்தபட்சமாகக் கொண்ட ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. தீர்ப்பு நாளன்று ஜேசி நீதிமன்றத்துக்கு வரவில்லை; அவர் எழுதிய அறிக்கையை அவருடைய தாயார் வாசித்தார். தம் போன்ற குடும்பங்கள் மீண்டும் இணைந்து வாழ உதவும் அறக்கட்டளை ஒன்றையும் அவர் தொடங்கினார்.

தங்கள் மகளிடம், 1976இல் நடந்ததையும் 1991இல் தொடங்கியதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் சம்பவத்தில் அந்தப் பெண் ஓடினார், ஏனென்றால் ஒருவர் கதவைத் தட்டியிருந்தார். ஜேசியின் கொட்டகைக் கதவை அப்படி யாரும் தட்டவில்லை. ஜேசி எழுதிய நினைவுக்குறிப்பு நூலை அவளுக்கு வாங்கித்தரத் தாங்கள் எண்ணினால், சில ஆண்டுகள் பொறுங்கள், அதற்கு முன் தாங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். கொடுமைகளை மறைக்காமல் எழுதப்பட்ட நூல் அது. அந்த வயதுப் பிள்ளை அதைத் தனியாக வாசிக்க வேண்டாம்.