மூன்று பழைய சிடி, ஒரு புது லேப்டாப்

கேள்வி: கல்லூரிக் காலத்தில் வாங்கிய மூன்று விண்வெளிக் கேம் சிடிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன: மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2, ஸ்டார்ஸ்!, ஹோம்வேர்ல்டு. விண்டோஸ் 11 லேப்டாப்பில் எதுவும் உருப்படியாக ஓடவில்லை. முதலாவதில் நிறங்கள் குழம்பித் தெரிகின்றன. இரண்டாவதைத் திறந்தாலே ‘இது உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது’ என்கிறது. மூன்றாவது கருப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. கம்பாட்டிபிலிட்டி மோடில் 95, 98, எக்ஸ்பி என எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மூன்றையும் ஓட வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி. கம்பாட்டிபிலிட்டி மோடில் நீங்கள் செலவழித்த நேரம் வீணானதற்குக் காரணமும் அதுதான். அந்த வசதி பெரும்பாலும் செய்வது ஒரு சின்னப் பொய். ‘நீ ஓடுவது விண்டோஸ் 98-இல்தான்’ என்று கேமை நம்பவைக்கும், சில பழைய நடத்தைகளை நடித்துக் காட்டும். விண்டோஸிலேயே இல்லாமல் போன ஒரு பகுதியை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது.

எனவே முதல் வேலை, கேம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது. டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) புரோகிராம், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விண்டோஸ் புரோகிராம், அதற்குப் பின் வந்த 32 பிட் விண்டோஸ் புரோகிராம் என்று மூன்று வகை. கேமை இயக்கும் எக்ஸ்இ (.exe) கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், எதையும் சேமித்துவிடாதீர்கள். முழுக்கக் கிறுக்கலாக இருந்தாலும் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட் என்று இருக்கும். (மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் பெயரெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் எக்ஸ்இ-க்கள்கூட அவர் பெயரோடுதான் தொடங்குகின்றன.) சற்றுக் கீழே ‘இதை டாஸில் இயக்க முடியாது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும், அதையடுத்து பி, இ என்ற எழுத்துகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் 32 பிட். பிஇ-க்குப் பதில் என், இ என்று இருந்தால் 16 பிட் விண்டோஸ். இரண்டுமே இல்லையென்றால் டாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பவற்றில் சுலபமானது மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. 1996-இல் வந்த அந்த சிடியில் ஒரே கேமின் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன: ஓரியன்2 என்ற டாஸ் வடிவம், ஓரியன்95 என்ற விண்டோஸ் வடிவம். நீங்கள் ஓட்டிப் பார்த்தது இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும். நிறம் குழம்புவதே அதற்குச் சாட்சி. அந்தக் காலத்துக் கேம்கள் 256 நிறங்கள் கொண்ட ஒரே நிறத்தட்டை (பேலெட்) வைத்துக்கொண்டு திரை முழுவதையும் வரைந்தன. இன்றைய டெஸ்க்டாப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. பின்னணியில் ஓடும் வேறெதுவோ அந்த நிறத்தட்டை மாற்றிவிட, பச்சைக் கோள் ஊதாவாகிவிடுகிறது.

விண்டோஸ் வடிவத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது என்றாலும், டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டை உட்பட ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரையே உள்ளுக்குள் நடித்துக் காட்டுகிறது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இரண்டும் இப்போது நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஸ்டேஜிங்கைச் சொல்வேன். ஒரு ஃபோல்டரை சி டிரைவாகவும் சிடியின் நகலை டி டிரைவாகவும் இணைத்து, வழக்கம்போல் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒலி அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸின் இயல்பு மதிப்புகள் அவைதான்.

அப்புறம் வேகம். டாஸ்பாக்ஸில் வேகத்தைத் தீர்மானிப்பது சைக்கிள்ஸ் என்ற எண். அது மிகக் குறைவாக இருந்தால் பெரிய கேலக்ஸியில் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் கொட்டாவி வரும். உச்சத்தில் வைத்தால் சில கேம்களில் மவுஸ் நகர்வும் அனிமேஷனும் தறிகெட்டு ஓடும். 30,000-இல் தொடங்கி, கன்ட்ரோல் எஃப்12 அழுத்திக் கூட்டியும் கன்ட்ரோல் எஃப்11 அழுத்திக் குறைத்தும் உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். மவுஸ் சிறைப்பட்டுவிட்டால் கன்ட்ரோல் எஃப்10. இதே முறையில் 1993-இல் வந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியனையும் ஓட்டலாம். அது 320×200 திரைக்காக வரையப்பட்டது. அந்தப் படம் பழைய 4:3 மானிட்டரில் மேலும் கீழுமாகச் சற்று நீண்டு தெரிந்தது. டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் திருத்தம் அணைந்திருந்தால் கோள்கள் எல்லாம் நசுங்கிய பந்துபோல் இருக்கும்.

ஸ்டார்ஸ்! விஷயம் வேறு. அது விண்டோஸ் 3.1 காலத்துப் பிள்ளை, சுத்தமான 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே இல்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு என்று ஒன்று இருந்தது, அதில் ஓட்டலாம். விண்டோஸ் 11-இல் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. இதற்கு வைன்விடிஎம் என்ற இலவசக் கருவி இருக்கிறது. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் இருக்கிறதல்லவா, அதன் 16 பிட் பகுதியை எடுத்து விண்டோஸுக்கே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேடிக்கைதான், ஆனால் வேலை செய்கிறது. அதை இன்ஸ்டால் செய்த பிறகு பழைய எக்ஸ்இ-யை டபுள் கிளிக் செய்தால் போதும்.

இதே கருவி இன்னோர் இடத்திலும் கைகொடுக்கும். 90-களின் பிற்பகுதியில் வந்த பல கேம்கள் தாங்கள் 32 பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலரை மட்டும் 16 பிட்டாகவே வைத்திருந்தன. ‘கேமே செத்துவிட்டது’ என்று நாம் கைவிட்டவற்றில் பல, வாசற்படியில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

ஹோம்வேர்ல்டு 1999-இல் வந்தது, 32 பிட். நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாமல் சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். பழைய கேம்கள் தங்கள் ஃபோல்டரிலேயே சேமிப்புக் கோப்புகளை எழுதும். புரோகிராம் ஃபைல்ஸில் அதற்கு அனுமதி கிடையாது என்பதால், விண்டோஸ் அவற்றைச் சத்தமில்லாமல் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஒளிவிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

கருப்புத் திரைக்கு வருவோம். ஹோம்வேர்ல்டுக்குத் திரையில் வரைய மூன்று வழிகள் தெரியும்: கிராஃபிக்ஸ் கார்டின் துணையில்லாமல் வரையும் சாஃப்ட்வேர், அதன் துணையோடு வரையும் ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி. முதலில் சாஃப்ட்வேர் முறையில் ஓட்டிப் பாருங்கள். படம் அழகாக இருக்காது, ஆனால் ஓடினால் கேமில் குறையில்லை, சிக்கல் கிராஃபிக்ஸ் பக்கம் என்று உறுதியாகிவிடும். பிறகு ஓபன்ஜிஎல். அதுவும் தகராறு செய்தால் டைரக்ட்3டி-யைத் தேர்ந்தெடுத்து, டிஜிவூடூ2 என்ற கருவியைத் துணைக்குச் சேருங்கள். பழைய டைரக்ட்எக்ஸ் (டைரக்ட்3டி அதன் ஒரு பகுதி) கட்டளைகளை இன்றைய டைரக்ட்3டி 11 அல்லது 12-க்கு அது மொழிபெயர்த்துக் கொடுக்கும். அதன் எம்எஸ் ஃபோல்டரில் உள்ள 32 பிட் டிஎல்எல் கோப்புகளை கேமின் எக்ஸ்இ இருக்கும் இடத்தில் போட்டால் சரி. அதன் பிறகும் மவுஸ் அம்பு ஓரிடத்திலும் கிளிக் இன்னோரிடத்திலும் விழுந்தால், எக்ஸ்இ-யின் பண்புகளில் உயர் டிபிஐ அளவுமாற்றத்தை (நுண்ணிய திரைகளில் விண்டோஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் வசதி) கேமின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் எனக்கு அடிக்கடி பயன்படும் ஒரே அமைப்பு இதுதான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சில சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். அதற்கான டிரைவர் பாதுகாப்பு ஓட்டை என்று கருதி, 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அதை விலக்கிவிட்டது. அப்படிப் பூட்டிய அசல் சிடி விண்டோஸ் 11-இல் நேரடியாக ஓடாது. அப்போது கேமின் டிஜிட்டல் பதிப்பை வாங்குவதே நேரான வழி. மாஸ்டர் ஆஃப் ஓரியனின் முதல் இரண்டு பாகங்களும் டாஸ்பாக்ஸ் அமைப்போடு தயாராகவே விற்கப்படுகின்றன. ஹோம்வேர்ல்டுக்கு 2015-இல் ரீமாஸ்டர்டு தொகுப்பு வந்தது. ஆனால் முதல் பாகத்தை இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் ஏற்றிச் செய்தது அது. சிறு கப்பல்களின் எரிபொருள் தீர்ந்துபோகும் கணக்கு அதில் கிடையாது. எனக்கு அது பெரிய குறை. நல்லவேளையாகத் தொகுப்பில் பழைய வடிவத்தையும் சேர்த்திருக்கிறார்கள், அதையே விளையாடுங்கள்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாமல் யுஎஸ்பி டிரைவில் ஓட்டுகிறீர்கள் என்றால், முதல் நாளே மூன்று சிடிக்கும் நகல் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வட்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும். பாடல் தடங்கள் கொண்ட சிடியாக இருந்தால் ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு நகல் போதாது. அதில் தரவு மட்டும் வரும், இசை வராது. பின் (.bin), கியூ (.cue) என்று இரட்டைக் கோப்புகளாக எடுக்க வேண்டும்.

நண்பர்களோடு விளையாட நினைத்தால், மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 பயன்படுத்தும் ஐபிஎக்ஸ் என்ற பழைய நெட்வொர்க் முறையை விண்டோஸ் எப்போதோ கைவிட்டுவிட்டது. டாஸ்பாக்ஸ் அதை இணையத்தின் வழியாகவே நடித்துக் காட்டும். ஒருவர் சர்வராக இருந்து மற்றவர்கள் இணைய வேண்டும். ஸ்டார்ஸ்!-க்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொருவரும் தன் டர்னை ஒரு சின்னக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நடத்துபவர் அடுத்த ஆண்டை (கேமில் ஒரு டர்ன் என்பது ஓர் ஆண்டு) உருவாக்கி அனுப்பும்வரை காத்திருக்கலாம்.