மூத்தவள் பெயர் எங்கே?

கேள்வி: எனக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்து 22 நாள் ஆகிறது. பிள்ளை நல்ல சிவப்பு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் சிவப்பு என்று பொருள் வரும்படி பெயர் வைக்க ஆசை. தமிழோ வடமொழியோ, கேட்க அழகாக இருந்தால் போதும். செழியன், செம்பியன், செந்தில், ரோஹித் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். மாமனார் பெயர் அருணாசலம். அதுபோலப் பழைய பெயர் வேண்டாம். மூத்தவளுக்கு ஆறு வயது, அவள் மாமனார் நிறம். அவளுக்கு அவசரத்தில் ஏதோ ஒரு பெயர் வைத்துவிட்டோம். இவனுக்காவது பொருள் பார்த்து வைக்க வேண்டும். நல்ல பெயர்களாகச் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெயர்களுக்குப் பிறகு வருகிறேன். ‘மூத்தவளுக்கு ஆறு வயது, அவள் மாமனார் நிறம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். தம்பிக்குப் பெயர் கேட்கும் கடிதத்தில் அக்காவின் நிறம் எதற்கு வந்தது? பிள்ளைக்கு யோசித்த நான்கு பெயர்களை எழுதியிருக்கிறீர்கள். மாமனார் பெயரை எழுதியிருக்கிறீர்கள். மகளின் பெயரை மட்டும் எழுதவில்லை. ‘ஏதோ ஒரு பெயர்’ என்கிறீர்கள். அந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆறு வருடமாக அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள், அம்மா.

ஆறு வயதில் எல்லாம் காதில் விழும். வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து ‘நல்ல சிவப்பு’ என்று சொல்லும்போது அவள் அங்கேதான் நிற்கிறாள். நாளைக்கு, தம்பிக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பாள். ‘அவன் சிவப்பாப் பொறந்தான், அதான்’ என்று நீங்களே சொல்வீர்கள். அடுத்த கேள்வி, ‘என் பேருக்கு என்ன அர்த்தம்மா?’ என்பதுதான். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளை இரண்டு தராசில் நிறுப்பது பாவம். பெற்றவளே நிறுத்தால் அந்தப் பிள்ளை வேறு யாரிடம் போய்ச் சொல்லும்?

நீங்கள் பெருமைப்படும் அந்தச் சிவப்பு நிற்கப்போவதும் இல்லை. பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது. அடியில் ஓடும் இரத்தம் வெளியே தெரியும். நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 14 முதல் 20 கிராம் வரை இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அது 10, 11 அளவுக்கு இறங்குவது இயல்பு. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினோ பிறந்த பிறகு மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஆகவே 22 நாளில் பார்க்கும் நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால், பிள்ளை தவழும்போதே பெயருக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகலாம். அன்றைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்று மகளுக்கு நடப்பது அன்று மகனுக்கும் நடக்கும்.

இன்னொன்று. தோலைப் பார்த்து நாம் ‘சிவப்பு’ என்பது உண்மையில் வெளுப்பை. பழைய பெயர்களில் இருக்கும் சிவப்பு அது இல்லவே இல்லை. முருகனைப் பவழம் போன்ற மேனி என்று பாடினார்கள்; பவழம் வெளுப்பா? குறுந்தொகையின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே அடி. போரில் சிவந்த களம், சிவந்த அம்பு, சிவந்த யானைக் கொம்பு, இரத்த நிறக் காந்தள் பூ என்று பாட்டு முழுக்கச் சிவப்பு. முருகனுக்கு அதில் வரும் பெயர் ‘சேஎய்’. தொல்காப்பியத்தில் முல்லை நிலத்துக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன். மாயோன் என்றால் கரியவன், சேயோன் என்றால் சிவந்தவன். அடுத்தடுத்த வரியில் இருவரும் தெய்வமாக நிற்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் குறைந்தவரில்லை.

இனி உங்கள் பட்டியல். நான்கில் மூன்று தவறு. செழியன் பாண்டியரின் பெயர், செழுமையிலிருந்து வந்தது. செம்பியன் சோழரின் பட்டம். புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியின் வழிவந்தவன் என்றுதான் அதற்குப் பொருள் சொல்வார்கள். செந்தில் என்பது திருச்செந்தூரின் பழைய பெயர். ஊரால் வந்த பெயர். ‘செ’யில் தொடங்கினாலே சிவப்பு என்று யாரோ பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றுமே நல்ல பெயர்கள்தான். ஆனால் பொருளுக்காகத் தேடுகிறவர் பொருள் தெரியாமல் வைக்கக் கூடாது.

குழப்பத்துக்குக் காரணம் ‘செம்மை’ என்ற சொல். அதற்குச் சிவப்பு என்றும் பொருள், நேர்மை, சிறப்பு என்றும் பொருள். செங்கதிரில் இருப்பது நிறம். செங்கோலில் இருப்பது வளையாமை. செந்தமிழன், செம்மல் என்ற பெயர்களில் நிறமே கிடையாது. அடுத்த எழுத்துக்கு ஏற்ப இந்தச் சொல் உருமாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ககரத்துக்கு முன் செங்கதிர், சகரத்துக்கு முன் செஞ்சுடர், தகரத்துக்கு முன் செந்தீ, பகர மகரத்துக்கு முன் செம்பரிதி, வகரத்துக்கும் உயிருக்கும் முன் செவ்வானம், செவ்விதழ். புதுப்பெயர் ஒட்டுகிறேன் என்று ‘செம்கதிர்’, ‘செம்சுடர்’ என்று எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளை ஆயுள் முழுக்கப் பிழையைச் சுமக்கிறான்.

நிறம் உண்மையாகவே இருக்கும் பெயர்கள் இவை. சேயோன். செவ்வேள், அதாவது சிவந்த வேள். பரிபாடலில் முருகனைப் பாடும் பாட்டுகளுக்கு இதுதான் தலைப்பு. சேந்தன், ‘சே’ என்றால் சிவத்தல், சேந்தன் சிவந்தவன். இதுவும் முருகன் பெயர். பழைய அகராதியான திவாகர நிகண்டைச் ‘சேந்தன் திவாகரம்’ என்பது அதை எழுதச் செய்த வள்ளலின் பெயரால். சுருக்கமாகவும் ஆண்மையாகவும் இருக்கும் இந்தப் பெயரை ஏன் இத்தனை பேர் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். சூரியன் வேண்டுமென்றால் செங்கதிர், செம்பரிதி. மாணிக்கம் சிவப்புக் கல். மணிவண்ணனைச் சிவப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது நீலமணி நிறம்.

செங்கணான் என்றொரு பெயர் உண்டு. சோழன் கோச்செங்கணானின் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாள்வான் என்று சோதிடர் சொல்ல, தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்லிக் காத்திருந்தாள். தாமதித்துப் பிறந்த பிள்ளைக்குக் கண் சிவந்திருந்தது. ‘என் கோச்செங்கணானோ’ என்று சொல்லி அவள் உயிர் விட்டாள். பிறந்த உடனே கண்ட சிவப்பைப் பார்த்து வைத்த பெயர்தான் அதுவும். ஆனால் அந்தச் சிவப்பு ஒரு தாய் பட்ட பாட்டின் அடையாளம். வந்தவர்கள் மெச்சிய நிறம் இல்லை.

வடமொழியில் ரோஹித் சரி. ரோஹிதம், லோஹிதம் இரண்டும் சிவப்புதான். அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் பெயரில் இருப்பதும் அந்தச் சொல்லே. கபிலன் என்றால் செம்மை கலந்த பழுப்பு. அருணன் விடியலின் சிவப்பு, சூரியனின் தேரோட்டி. தாய் வினதை பொறுமையில்லாமல் முட்டையை உடைத்ததால் இடுப்புக்குக் கீழ் வளராமல் பிறந்தவன் என்று பாரதம் சொல்லும். கதையையும் தெரிந்துகொண்டு வையுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்போது உங்கள் மாமனாருக்கு வருகிறேன். அருணம், அசலம்; சிவந்த மலை. திருவண்ணாமலையின் பெயர் அது. சோணாசலம் என்றாலும் அதே பொருள். நீங்கள் ஊரெல்லாம் தேடும் சிவப்பு உங்கள் வீட்டில், நீங்கள் பழசு என்று தள்ளிய பெயரில், நீங்கள் கறுப்பு என்று குறித்த மனிதரிடம் இருக்கிறது. பெரியவர் பெயரை எடுப்பது ஏதோ பழைய காலத்து வழக்கம் என்று நான் நினைக்கவில்லை. அது குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. முழுப்பெயர் கனமாகத் தோன்றினால் அருணன் என்று வையுங்கள். பேத்திக்கு அவர் நிறம், பேரனுக்கு அவர் பெயர். அக்கா காரணம் கேட்டால், தாத்தா பெயரிலிருந்து எடுத்தோம் என்று கூசாமல் சொல்லலாம். வைப்பதற்கு முன் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

எந்தப் பெயரானாலும் பதிவு செய்யும் முன் மூன்று காரியம். அடுக்களையிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். சேந்தா, அருணா என்பவை நீளும். செவ்வேள் நீளாது, வீட்டில் ‘வேளே’ என்று ஆகிவிடும். அது பிடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஆங்கில எழுத்து. சேந்தனுக்கு ஒற்றை ‘இ’ போட்டால் செந்தன் என்று படிப்பார்கள், இரட்டை ‘இ’ போட்டால் சீந்தன். ஒன்றைத் தீர்மானித்து எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருந்தால் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டும். மூன்றாவதாக, இரண்டு மூன்று பெயரை எழுதி மகளிடம் கொடுத்து, தம்பியை ஒவ்வொன்றாகக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்களைவிட அதிக வருடம் அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறவள் அவள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள், இந்த வீட்டில் பிள்ளைகளின் நிறம் பேச்சில்லை என்று. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் மூத்தவளின் பெயரை எழுதுங்கள். அவசரத்தில் வைத்த பெயருக்கும் வேர் இருக்கும், பொருள் இருக்கும். அதை எடுத்து எழுதி அனுப்புகிறேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள்.