மூட்டைக்கு எத்தனை மாத்திரை?

நெல் வீட்டுக்கு வந்ததும் வண்டுக் கடிதங்களும் வந்துவிடும். இந்த முறை வந்தவை:

தேவிபட்டினம்: மூட்டையை இறுக்கிக் கட்டியும் அரிசியில் வண்டு எப்படி வருகிறது?
வரவில்லை அம்மா, உள்ளேயே இருந்தது. கூன்வண்டு மூக்கால் மணியைத் துளைத்து, முட்டையிட்டு, பிசினால் மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து ஒரு மாதம் போல ஆனதும் வண்டாகத் தலைகாட்டும். கடற்காற்றின் ஈரம் அதற்குக் கொண்டாட்டம். நெல்லாக இருக்கும்போதே காய வையுங்கள், கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்.

உச்சிப்புளி: தென்னையில் வண்டு. என்ன மருந்து?
எந்த வண்டு தம்பி? ஓலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு, கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். தண்டில் ஓட்டை, பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் என்றால் சிவப்புக் கூன்வண்டு, முற்றினால் மரமே போச்சு. பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை பச்சை மட்டையை ஒட்ட வெட்டாதீர்கள், 4 அடி விடுங்கள். காயத்தின் வாடைக்குத்தான் கூன்வண்டு வரும்.

முதுகுளத்தூர்: படுக்கிற அறையில் 20 மூட்டை நெல். மூட்டைக்கு எத்தனை மாத்திரை?
ஒன்றுகூடக் கிடையாது. எத்தனை தடவைதான் எழுதுவது! அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும், அது சாக்குக்குள் அடங்கி நிற்காது, வண்டைக் கொன்ற கையோடு பக்கத்தில் தூங்கும் பிள்ளையின் மூக்குக்கும் போகும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அந்த விஷத்துக்கென்று முறிவு மருந்து கிடையாது. பூண்டு நாற்றமோ அழுகின மீன் நாற்றமோ அடிக்கும் என்பார்கள். நம் கரையில் மீன் நாற்றத்துக்கு யார் எழுந்து உட்காரப்போகிறார்கள்? அரசுக் கிடங்குகளுக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களுக்கும் தவிர இதை விற்கவே கூடாது என்பது விதி. ஆனால் ஒரு கடையில் என்னிடமே காகிதத்தில் மடித்து நீட்டினார்கள், 'பாத்துப் போட்டுக்கங்க' என்ற ஒரு வார்த்தையோடு. திருப்பிக் கொடுத்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் ஏற்கெனவே போட்டிருந்தால் அறையைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், சாக்கைக் கிளறாதீர்கள், விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். நெல்லுக்கு வெயில் போதும்.

கமுதி: விதைத் தட்டைப்பயற்றில் பொடிப்பொடியாக ஓட்டை.
பயறு வண்டு. வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும். காய வைத்து, கிலோவுக்கு 10 மில்லி எண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள்.

தொண்டி: கருவாட்டிலும் கூன்வண்டா?
இல்லை, அது தோலும் இறைச்சியும் தின்னும் வேறு வண்டு. உப்பு போதவில்லை, காய்ச்சலும் போதவில்லை. மணலில் போடாமல் பரண் கட்டிக் காய வையுங்கள்.