மூச்சு வாங்காத நாளும் பயிற்சி நாள்தான்

கேள்வி: எனக்கு 34 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. என் முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு (750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம்) நான்கு மாதமாகத் தயாராகிறேன். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. அதில் செவ்வாய் நீச்சல், புதன் ஓட்டம், ஞாயிறு ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) குழுவோடு சைக்கிள், மூன்றிலும் முழு வேகம். மூச்சு முட்டினால்தான் ஏதோ செய்த திருப்தி. ஆனால் 29 நிமிடத்தில் முடித்த 5 கி.மீ.க்கு இப்போது 31 நிமிடம் ஆகிறது. தூக்கம் சரியில்லை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வேறு. இன்னும் கடுமையாக உழைக்க வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த வலியைப் பார்ப்போம். எலும்பின் மேல் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலி நீளமாகப் பரவியிருந்தாலும் இரண்டு வாரம் ஓட வேண்டாம். நான்கு மாதத்தில் இருதயம் நன்றாகத் தேறிவிடும்; எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும்போது கால் தயாராக இருக்காது.

உழைப்பில் உங்களிடம் குறையே இல்லை. மூன்று விளையாட்டையும் தனித்தனிக் கணக்காக வைத்திருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். செவ்வாய் நீச்சலில் வேகம், புதன் ஓட்டத்தில் வேகம், ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆரில் சைக்கிள் குழுவோடு போட்டி. ஒவ்வொன்றிலும் ஒருமுறைதானே என்று தோன்றும். ஆனால் மூன்றுக்கும் இருதயம் ஒன்றுதான், தூக்கமும் ஒன்றுதான். களைப்போடு களைப்பாகச் செய்வதால் கடின நாளிலும் உங்கள் முழு வேகம் வெளியே வருவதில்லை. அந்த 31 நிமிடத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தரத்துப் படகோட்டிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஏறக்குறைய 80 சதவீதப் பயிற்சிகளை அவர்கள் மிதமாகத்தான் செய்கிறார்கள் என்று கண்டார். உங்களைவிட எத்தனையோ மடங்கு நேரம் பயிற்சி செய்பவர்கள் அவர்கள். அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆறு நாளில் இரண்டே நாள் கடினம், நடுவில் 48 மணி நேரம் இடைவெளி. ஒன்று சைக்கிளில், இன்னொன்று கால் குணமான பிறகு ஓட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைக் குழுவோடுதான் போவேன் என்றால் அதையே சைக்கிளின் கடின நாளாகக் கணக்கு வையுங்கள்.

மிதம் என்றால் எவ்வளவு மிதம்? பக்கத்தில் ஓடும் தோழியிடம், நேற்று வீட்டில் நடந்த கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே போக முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை லேசில் உலராது. உடம்புச் சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்கும் ஓட வேண்டும். அதனால் ஜனவரியில் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் இருதயம் கூடுதலாகத் துடிக்கும். நடுவே நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், அதில் வெட்கமே இல்லை. தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவது இந்த மெதுவான நேரத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நீச்சலை இப்போதைக்குக் கடினக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாக நீந்துபவர்களுக்குத் தண்ணீரில் மூச்சு முட்டுவது பெரும்பாலும் தலையைத் தூக்குவதாலும், தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடாமல் அடக்குவதாலும்தான். 25 மீட்டர் நீந்துங்கள், மூச்சு நிதானமாகும்வரை சுவரைப் பிடித்து நில்லுங்கள், மறுபடி நீந்துங்கள்.

காலையில் கண் விழித்ததும், படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாகத் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால், அன்று கடினப் பயிற்சி வேண்டாம்.

கால் குணமாகி மறுபடி ஓடத் தொடங்கும்போது 5 கி.மீ.க்கு 40 நிமிடம்கூட ஆகலாம். ஆகட்டும். அதிலிருந்து ஆறு வாரம் கழித்து, ஒரே ஒருமுறை முழு வேகத்தில் ஓடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கால் எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.