ஒயினைச் சுற்றி வழங்கும் தொன்மங்களிலும் நாட்டார் கதைகளிலும் உண்மை ஏதேனும் உண்டா?

உண்டு. இக்கதைகளைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய கதைகள் உண்மைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருக்கின்றன, நம்மிடையே அதிகம் புழங்கும் அண்மைக் காலக் கதைகள்தாம் பெரும்பாலும் பொய்த்துப்போகின்றன.

பாரசீகத்தின் ஜம்ஷீத் மன்னன் திராட்சைப் பழங்களைச் சாடிகளில் சேமித்து வைத்திருந்தானாம். ஒரு சாடியிலிருந்த பழங்கள் நுரைத்துப் பொங்கி விநோதமான மணம் வீசவே, அதை நஞ்சு என்று ஒதுக்கி வைத்தார்கள். தீராத தலைவலியால் உயிரை விடத் துணிந்த அந்தப்புரப் பெண் ஒருத்தி அதைக் குடித்து, உறங்கி, நோய் நீங்கி எழுந்தாள். அன்றுமுதல் ஒயினுக்கு 'இனிய நஞ்சு' என்று பெயர் வந்ததாகக் கதை முடிகிறது.

கிரேக்கர்களின் கதை இதைவிடத் துயரமானது. டயோனிசஸ் தெய்வத்திடமிருந்து ஒயினைப் பெற்ற இக்காரியோஸ் என்னும் உழவன், அதை ஊர் இடையர்களுக்குப் பகிர்ந்தளித்தான். நீர் கலக்காமல் குடித்துத் தலைசுற்றி விழுந்தவர்கள், அவன் தங்களுக்கு நஞ்சூட்டிவிட்டான் என்று எண்ணி அவனைக் கொன்றுவிட்டார்கள். வளர்ப்பு நாய் வழிகாட்டத் தந்தையின் உடலைக் கண்ட மகள் எரிகோனே மரத்தில் தூக்கிட்டு இறந்தாள். அவளை நினைவுகூரும் ஊஞ்சல் சடங்கு ஒன்று ஏதென்ஸில் நடந்துவந்தது. ஒயினில் நீர் கலந்தே அருந்த வேண்டும் என்ற கிரேக்கர்களின் கண்டிப்பு இக்கதையின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

இரண்டு கதைகளிலும் நஞ்சு என்ற அச்சமே மையமாக நிற்பதைக் கவனியுங்கள். நெருப்பே இல்லாமல் ஒரு சாறு தானாகக் கொதிப்பதுபோல் பொங்கியதன் காரணத்தை, அது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் வேலை என்று லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் நிறுவும்வரை எவராலும் தெளிவாகச் சொல்ல இயலவில்லை. அதோடு, நொதிக்கும் சாற்றிலிருந்து வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், மூடிய நிலவறையில் தரையோடு தேங்கி விளக்கை அணைக்கும்; உள்ளே இறங்கும் ஆளையும் கொல்லும். ஆகவே அந்த அச்சம் வெறும் கற்பனையன்று என்பதே என் கருத்து.

கதைகள் சுட்டும் நிலப்பகுதியும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. பெருவெள்ளத்துக்குப் பின் அரராத் மலைப்பகுதியில் தன் பேழை (பெரிய மரக்கலம்) தங்கியதும் நோவா திராட்சைத் தோட்டம் நட்டதாக விவிலியத்தின் தொடக்க நூல் கூறுகிறது. அம்மலைக்கு அதிகத் தொலைவில்லாத ஆர்மீனியாவின் அரெனி குகையில், கி.மு. 4100 அளவிலான ஒயின் பிழியும் தொட்டியும் சாடிகளும் கிடைத்துள்ளன. இன்னும் வடக்கே, ஜார்ஜியாவில் கிடைத்த பானையோடுகளில் கி.மு. 6000 வாக்கிலான ஒயினின் தடயங்கள் இருப்பது 2017இல் வெளியானது.

இனி ஷாம்பெய்ன் கதைக்கு வருவோம். டாம் பெரின்யோன் என்ற துறவி தற்செயலாகக் குமிழ் ஒயினைக் கண்டுபிடித்து, 'நான் விண்மீன்களைப் பருகுகிறேன்' என்று கூவினார் என்பார்கள். உண்மையில் 1668இல் பிரான்சின் ஓவில்லியே மடத்துக்கு வந்த அவர், புட்டிகளை வெடிக்கச் செய்த அந்தக் குமிழ்களைத் தவிர்க்கவே பாடுபட்டார். சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைக்கும் முறையைப் பற்றி, ஆங்கிலேய அறிஞர் கிறிஸ்டோபர் மெரெட் 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தில் கட்டுரை அளித்துவிட்டார். அந்த விண்மீன் வாசகமோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த விளம்பரத்தில்தான் தென்படுகிறது. பல தோட்டங்களின் திராட்சைகளைத் தேர்ந்து கலப்பதில் பெரின்யோனுக்கிருந்த உண்மையான தேர்ச்சியை இந்தப் பொய்ப்புகழ் மறைத்துவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

கிண்ணத்தின் உட்புறம் வழியும் துளிகள் ஒயினின் தரத்தைக் காட்டும் என்ற நம்பிக்கையும் தவறானது. ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் பரப்பு இழுவிசையில் உண்டாகும் வேறுபாடே அத்துளிகளுக்குக் காரணம் என்று ஜேம்ஸ் தாம்சன் 1855இல் விளக்கினார். கிண்ணத்தின் வாயை மூடி ஆவியாவதைத் தடுத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் துளிகள் உருவாவது நின்றுவிடும்.