புலிச்சிலந்தியைத் தேடி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மரப்பொந்துச் சிலந்திகள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். டாரண்டுலா என்னும் பெரிய முடியடர்ந்த சிலந்தியைக் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்று நானும் இரண்டு நண்பர்களும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் தென்னமெரிக்கக் காடுகளில் வளையைத் தோண்டி எடுத்துக் கையில் ஏந்தி நிற்கும் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. நம் ஊரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் பார்த்த இடம் எது? மேப் லிங்க் அனுப்ப முடியுமா? எந்த மாதம் போகலாம்? கடித்தால் உயிருக்கு ஆபத்தா? என்ன கேமரா வேண்டும்?

எம்., நத்தம்

அன்புள்ள எம்.,

லிங்க் அனுப்ப மாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது.

டாரண்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதற்காக அமேசான் வரை போக வேண்டியதில்லை. உலகிலேயே அழகானவை என்று சிலந்திப் பிரியர்கள் கொண்டாடும் பொசிலோதீரியா என்ற பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது. புலிச்சிலந்தி என்று நாம் சொல்வது இதைத்தான். சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக, பட்டையில் படிந்த பாசிபோல உடம்பு. முன்கால்களைத் தூக்கி மிரட்டும்போது மட்டும் அடியில் மஞ்சள் பளீரென்று தெரியும். மண்ணில் வளை தோண்டாது. மரப்பொந்தில் குடியிருக்கும்.

இந்தச் சிலந்திகள் அறிவியலுக்கு அறிமுகமான கதை வேடிக்கையானது. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேயச் சிலந்தி ஆய்வாளர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரிகளை வைத்துப் பல இனங்களை விவரித்தார். அதில் பொசிலோதீரியா ரெகாலிஸ் கிடைத்த இடம் நம் அரக்கோணம். அதுவும் மரத்தில் இல்லை, ஒரு ரயில் வண்டியில்! நீல நிறத்துக்குப் பேர்போன பொசிலோதீரியா மெட்டாலிகா கிடைத்தது ஆந்திராவின் குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில். எங்கேயோ காட்டில் வெட்டிய மரத்தோடு பொந்துக்குள் இருந்தபடியே பயணம் செய்து வந்திருக்க வேண்டும். குத்தியில் அதைத் தேடிப் போனவர் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, 2001இல்தான், அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட இலையுதிர் காட்டில் அதன் சொந்த வீடு தெரியவந்தது. இன்றைக்கு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக, ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அறியப்பட்ட வாழிடம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் துண்டு துண்டாக.

அதனால் சிலந்தியைத் தேடாதீர்கள், முதலில் மரத்தைத் தேடுங்கள். வயதான புளி, மா, நாவல், இலுப்பை. கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி உள்ளே சிதைந்து பொந்து விழுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இளமரத் தோப்பில் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஒன்றும் கிடைக்காது. பகலிலேயே மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பொந்தின் வாயைச் சுற்றி அழுக்கேறிய பட்டுநூல் படிந்திருக்கிறதா, அடிமரத்தில் வண்டுகளின் ஓடுகளும் இறக்கைகளும் உதிர்ந்து கிடக்கின்றனவா, சிலந்தி உரித்துப்போட்ட சட்டை ஏதாவது தொங்குகிறதா என்று கவனியுங்கள். பட்டுநூல் பழசா புதுசா என்பது இரண்டு மூன்று மரம் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

அப்புறம் இருட்டிய பிறகு போக வேண்டும். டார்ச் அடித்தால் தரையெங்கும் பச்சைப் பச்சையாகக் கண்கள் மின்னும். அதைப் பார்த்துக் குதிக்காதீர்கள், அவை ஓநாய்ச் சிலந்திகள். டாரண்டுலாவின் கண் அவ்வளவாக மின்னாது, உடம்பைத்தான் தேட வேண்டும். பொந்து வாயிலிருந்து நான்கு கால் நுனிகள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும், அல்லது முழு உடம்பும் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். பெரிய பெண் சிலந்தி காலை விரித்தால் நம் உள்ளங்கையையும் விரல்களையும் சேர்த்து மூடிவிடும், ஆனாலும் பக்கத்தில் நின்றுகொண்டே பார்க்காமல் கடந்து போகலாம். ஒலியைவிட அதிர்வுதான் அதற்கு முக்கியம். மரத்தில் கை வைத்தாலோ, வேரில் தொம்மென்று மிதித்தாலோ உள்ளே போய்விடும். அது போகும் வேகத்தைப் பார்த்தால் கையில் ஏந்தும் ஆசை தானாகவே போய்விடும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குடும்பக் காட்சிதான். குஞ்சுகள் பொரிந்தவுடன் கலைந்துவிடாது. தாயின் பொந்திலேயே கொஞ்ச காலம் கூட்டமாக இருக்கும். பெரிதும் சிறிதுமாகப் பல சிலந்திகள் ஒரே பொந்தில் வாழ்வதும் உண்டு. தன் இனத்தையே தின்றுவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிராணி இப்படிக் கூட்டுக்குடித்தனம் நடத்துவதை எந்த வீடியோவும் எனக்குக் காட்டியதில்லை. பொந்தைக் கிளறி வெளியே எடுத்துவிட்டால் யாருக்கும் அது தெரியவும் வராது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மண்ணில் வளை தோண்டும் இனங்களும் உண்டு. சாலையோர மண்சரிவுகளில், செம்புறை மண் மேடுகளில், வாயில் பட்டு விரித்த வட்டமான ஓட்டைகளைப் பார்க்கலாம். அவற்றுக்கும் இரவில் காத்திருப்பதே வழி. மண்வெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பெண் டாரண்டுலா பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. அத்தனை காலம் இருந்த வளையைப் பத்து நிமிடத்தில் வெட்டிப் போட்டுவிட்டு ‘பத்திரமாகத் திரும்ப விட்டோம்’ என்று வீடியோவின் முடிவில் சொல்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. எங்கே விட்டார்கள்? வீட்டைத்தான் இடித்தாகிவிட்டதே.

மாதம் என்று கேட்டால், உச்சிக்கோடையைத் தவிர்த்துவிடுங்கள். மழை தொடங்கிப் பூச்சிகள் பெருகும்போது போகலாம். ஆண் சிலந்தியின் கதை வேறு. கடைசிச் சட்டையை உரித்தபின் பெண்ணைத் தேடிப் பொந்தை விட்டு அலையும், அதற்கப்புறம் அதற்கு ஆயுள் குறைவு. வீட்டுச் சுவரிலும் கக்கூஸ் மூலையிலும் திடீரென்று பெரிய எட்டுக்கால் பூச்சி வந்துவிட்டது என்று ஊரில் கூச்சல் கிளம்பினால் பெரும்பாலும் அப்படி அலையும் ஆணாகத்தான் இருக்கும். அடிப்பதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லியனுப்பும்படி ஊராரிடம் கேட்டு வையுங்கள். நத்தத்திலிருந்து கிளம்பாமலேயே பார்க்கும் வழி அதுதான்.

கடியைப் பற்றி. புலிச்சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் சாதாரணக் கடியும் இல்லை. வலியும் வீக்கமும் முதலில் வரும். பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு தொடங்கும், சிலருக்கு அது நாள்கணக்கில் வந்து வந்து போகும். மருத்துவ இதழ்களில் பதிவானவற்றில் பெரும்பாலானவை வீட்டில் வளர்ப்பவர்கள் வாங்கிய கடிகள். தொடாதவரைக் கடிப்பதில்லை, அவ்வளவுதான். அமெரிக்க டாரண்டுலாக்கள் வயிற்று முடியை உதறி அரிப்பு உண்டாக்கும், நம்முடையவற்றுக்கு அந்த முடி கிடையாது. உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது மேலே இருப்பதற்கு அல்ல, காலடியில் இருப்பதற்கு. இரவில் சருகுக்குள் சுருட்டை விரியன் கிடக்கும், கட்டுவிரியன் நடமாடும். கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ இல்லாமல் போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவில் நுழைவது குற்றம். தோப்பானால் தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டார்ச்சோடு மூன்று பேர் புளியமரத்தைச் சுற்றினால் அவர் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்.

சரி, இடத்துக்கு வருகிறேன். ராமேசுவரத்தில் ஒரு புலிச்சிலந்தி இருக்கிறது. 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற சிலந்தி ஆய்வாளர் அதை விவரித்தபோது அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு அது இலங்கையின் மன்னாரிலும் பதிவானது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இரண்டு கரையும் ஒரே நிலமாக இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் இதன் இடம் ஆய்வுப் பத்திரிகையில் வந்துவிட்டது, ஆய்வாளர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் இந்தப் பேரினத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்புச் சந்தை இருக்கிறது. 2019இல் இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து பொசிலோதீரியா முழுவதையும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் அந்தப் பட்டியலில் உள்ள உயிர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பொந்தின் இடம் இணையத்தில் வந்தபின் அதை யார் படிப்பார்கள் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. உங்களை நம்புகிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் நம்பச் சொல்லாதீர்கள்.

சந்தைக்காரனைவிட மோசமானது மரம் வெட்டுவதுதான், அதையும் சொல்ல வேண்டும். 2009இல் வட இலங்கையில் ஊர்க்காரர் ஒருவர் செத்த ஆண் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து ஆய்வாளர் ரணில் நாணயக்காரவின் குழுவிடம் கொடுத்தார். அந்தக் குழு போர் முடிந்த நிலத்தில் மரம் மரமாகத் தேடியது. பெண் சிலந்தியும் குஞ்சுகளும் கிடைத்தது பொந்தில் மட்டுமல்ல, மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸிலும். பொந்துள்ள கிழமரங்கள் போய்விட்டதால் கட்டடத்துக்குக் குடிவந்திருக்கிறது என்றார்கள். எங்கும் கூடவே வந்து உதவிய போலீஸ் அதிகாரி ராஜகுமாரின் பெயரால் அதற்கு ராஜேயி என்று பெயரிட்டார்கள். நம் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களில் எத்தனை பொந்துகள் இருந்தன என்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை. அதனால்தான் உங்கள் ஊர்ப் புளியமரங்களை நீங்களே பார்க்க வேண்டும் என்கிறேன். நான் சொன்ன மரத்தை நீங்கள் வந்து பார்த்தால் எனக்குத் தெரிந்ததுதான் உங்களுக்கும் தெரியும். நத்தம் வட்டாரத்தில் எந்தத் தோப்பில் எந்த மரத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

கேமரா உங்கள் போனே போதும். பொந்துக்குள் குச்சி விட்டு வெளியே வரவழைத்துப் படம் எடுக்காதீர்கள், வந்தால் எடுங்கள். போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் நான் தராத லிங்க்கை உங்கள் படமே ஊருக்குக் கொடுத்துவிடும். பதிவு செய்ய விரும்பினால், பார்த்த உயிர்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள். அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்துவிடும். ஆனாலும் பதிவேற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாவிட்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். முன்கால்களின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது, இனத்தைச் சொல்ல அதுதான் உதவும்.