மகள் சாப்பாட்டைத் தவிர்ப்பது பிடிவாதமா, நோயா?

கல்லூரி செல்லும் மகள் இரண்டு இட்லியை அரை மணி நேரம் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே விட்டுவிடுகிறாள், சாப்பிட்ட நாளிலோ உடனே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். இவை உண்ணும் பழக்கமே குலைந்துபோகும் மனநோயான உண்ணுதல் கோளாறின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். பட்டினி நீளும்போது உடல் சிக்கனத்துக்கு மாறுவதால் இதயத்துடிப்பு மந்தமாகி, மாதவிடாய் நின்று, எலும்புகள் வலுவிழக்கின்றன. சென்னையின் மே மாத வெயிலிலும் சிலருக்குக் குளிரும். குழாய்ச் சத்தத்தில் மறைத்து வலிந்து வாந்தியெடுப்பவர்களுக்கு எடை இயல்பாகவே இருக்கலாம் என்றாலும், பல் எனாமல் அரிக்கப்படுவதோடு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு திடீரெனத் தடுமாறலாம். எனக்கு மிகுந்த அச்சமூட்டுவது இதுதான். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம்.